உள்பக்கத் தாழ்ப்பாள்

மேலச்சாலைப்பேட்டையில் கதவுகள் நடந்து வந்த கதையை யாரிடம் கேட்டாலும், "முதல்லயே சொல்லிருதேன், எங்க வீட்டுக் கதவு இல்ல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு வரியைக் கழித்துவிட்டால் மிச்சம் சொல்வதெல்லாம் நிஜம்.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி, தெருவெல்லாம் வெயிலும் புழுதியும் காய்கறி வண்டியுமாக இருக்கிற நேரத்தில், பச்சைப் பெயிண்ட் அடித்த ஒற்றைக் கதவு ஒன்று, பீரோவை இடம் மாற்றும்போது அது ஒரு மூலையை முன்னால் வைத்து மறு மூலையை இழுத்துக்கொண்டு போகுமே, அதே நடையில், ஆனால் பிடித்து நகர்த்த ஆள் யாரும் இல்லாமல், பெரிய தெருவைக் கடந்து, ரயில்வே கேட் மூடியிருந்ததால் மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்று, கேட் திறந்ததும் தாண்டி, மகளிர் காவல் நிலையத்து வளாகத்துக்குள் நுழைந்து, பாதாம் மரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கும் பறிமுதல் பைக்குகளைச் சுற்றிக்கொண்டு போய், குடும்ப ஆலோசனை மையத்தின் சுவரில் சாய்ந்து நின்றது. கேட்டில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததைத் தவிர வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மையத்தைப் பெருக்குகிற சுப்பக்கா உள்ளே வந்து, "மேடம், ஒரு கதவு வந்திருக்கு" என்றாள்.

ஆலோசகர் பிரகாசி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உட்காரச் சொல்லு. கூட யார் வந்திருக்காங்க?"

"யாருமில்ல மேடம். தனியாத்தான் வந்திருக்கு."

"தனியா வந்த கேஸ்னா வீட்டுக்கு ஃபோன் போட்டு ஆளை வரச் சொல்லு. எத்தனை தடவை சொல்றது?"

பதினேழு வருஷமாக அந்த மையத்தின் நடைமுறை அதுதான். அடி தாங்காமல் வந்தவள், பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன், விஷம் குடித்துப் பிழைத்தவள், போதைப் பாக்கெட்டோடு பிடிபட்ட பையன், யார் தனியாக வந்தாலும் பிரகாசி முதல் வேலையாக வீட்டுக்கு ஃபோன் போடுவாள், வீடு வரும், ஒரு குடும்பத்துக்கு நாற்பது நிமிஷம், அழுவதற்குப் பத்து, ஒருவரையொருவர் குற்றம் சொல்ல இருபது, எழுதிக் கொடுக்கப் பத்து. எழுதுவதுதான் முக்கியம். இனிமேல் கை ஓங்க மாட்டேன் என்று அடித்தவர் எழுதுவார். இனிமேல் அனுசரித்து நடந்துகொள்வேன் என்று அடி வாங்கியவரும் எழுத வேண்டும். இரண்டு பக்கமும் எழுதினால்தான் சமரசம். கான்வென்ட் சிஸ்டர்கள் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக் கொடுத்த கையெழுத்து பிரகாசிக்கு. அவள் சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்களில் ஒரு எழுத்துப்பிழை இருக்காது. முடிந்ததும் எல்லோருக்கும் டீ வரும். ஃபைலின் கடைசிப் பக்கத்தில் "சேர்ந்து போனார்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இரும்பு அலமாரியில் வைப்பாள். நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள். அதிகச் சமரசம் செய்தவர் என்று குடியரசு தினத்தில் இரண்டு முறை சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். இரண்டும் சட்டம் போட்டுச் சுவரில், கடிகாரத்துக்கு இருபுறமும் தொங்கின.

வெளியே வந்து கதவைப் பார்த்தாள். ஒரு பக்கத்தில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒட்டிவைப்பார்களே, அந்தத் தனிம அட்டவணை. மறு பக்கத்தில் பெரிய இரும்புத் தாழ்ப்பாள், பூட்டு மாட்டும் வளையத்தோடு.

முந்தின நாள்தான் அவளைப் பார்க்கச் சண்முகக்கனி என்ற பெண், யூனிஃபார்மோடு, தனியாக வந்திருந்தாள். பதினாறு வயசு. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, முப்பத்திரண்டு வயசுத் தாய்மாமன் துரைப்பாண்டிக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்றாள். வழக்கம்போல வீட்டுக்கு ஃபோன் போனது. அப்பா ஆவுடையப்பன் வந்தார். பெரிய தெருவில் இரும்புக்கடை, குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர், கும்பிட்டபடியே நாற்காலியில் உட்காரும் ரகம். கூட அம்மா கோமு.

"பதினெட்டு ஆவட்டும் மேடம். அதுக்கு முன்ன கட்டிக்குடுக்க நாங்க என்ன காட்டுமிராண்டியா?" என்று சிரித்தார் ஆவுடையப்பன். அப்படியே எழுதியும் கொடுத்தார். கனியும் எழுதினாள்: வீட்டுக்குத் தெரியாமல் காவல் நிலையத்துக்கு வந்தது தவறு, மன்னிக்க வேண்டும், இனி பெற்றோர் சொற்படி நடப்பேன். பேனாவை மூடும் முன்னால் அந்தப் பெண், பள்ளிக்கூடப் பழக்கத்தில் பிரகாசியை டீச்சர் என்று கூப்பிட்டு, கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டீச்சர், என் ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும். வெளிப்பக்கம் மட்டுந்தான் இருக்கு. மாமா கேக்காம கொள்ளாம உள்ள வந்து உக்காந்துக்கிடுதாவ."

பிரகாசி கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தொன்பது நிமிஷம். "அதையெல்லாம் இதுல எழுத முடியாதும்மா. அப்பா இரும்புக்கடையே வச்சிருக்கார். வீட்ல கேட்டு வாங்கிக்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், ஆவுடையப்பன் கொஞ்சம் கூடுதலாக. டீ வந்தது. "மற்ற கோரிக்கைகள்" என்று அச்சடித்த இடத்தில் பிரகாசி "ஏதுமில்லை" என்று எழுதினாள்.

இப்போது லோடு ஆட்டோவோடு அதே ஆவுடையப்பன் வந்து இறங்கினார். "நம்ம கதவு தப்பி வந்துட்டு மேடம். பெயிண்ட் அடிக்கக் கொடுத்தோம், ஆசாரி இடம் மாறி எறக்கிட்டான்." ஏற்றிக்கொண்டு போனார். மூன்று மணிக்குக் கதவு திரும்பி வந்துவிட்டது. மறுநாளும் ஏற்றிப் போனார், மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் ஆட்டோக்காரரே, "அண்ணாச்சி, இது வேற ஆட்டோல போவட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் மற்றவை கிளம்பிவிட்டன. கோலப்பொடி படிந்த தலைவாசல் கதவு, எலுமிச்சையும் மிளகாயும் தொங்கத் தொங்க. தேர்தல் கமிஷன் ஸ்டிக்கரும் கணக்கெடுப்பு நம்பரும் ஒட்டிய கதவு. குளியலறைத் தகரக் கதவு, நடக்கும்போதெல்லாம் டமடமவென்று. கீழ்ப்பாதி கரிந்த ஒரு அடுப்படிக் கதவு. அந்தக் கரிந்த கதவைப் பிரகாசிக்கு அடையாளம் தெரிந்தது. ஸ்டவ் வெடித்ததாகச் சொன்ன கேஸ். அவள் உள்ளே போய் இரும்பு அலமாரியைத் திறந்து ஃபைல்களை வெளியே நிற்கும் வரிசையோடு ஒப்பிட்டாள். மேலே இருந்த புது ஃபைலில் தொடங்கி, ஒன்றுவிடாமல், அதே வரிசையில், எந்தக் கதவுக்குப் பின்னால் நடந்ததோ அந்தக் கதவு வந்துகொண்டிருந்தது. அலமாரியில் இன்னும் நாலு தட்டு பாக்கி.

ஊருக்கு இதில் ஆச்சரியப்பட நேரமில்லை. மானத்தைக் காப்பாற்றுகிற வேலை இருந்தது. கதவு போன வீடுகளில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, கேட்டவர்களிடம் செல் அரித்துவிட்டது என்றார்கள். ஒரே வாரத்தில் முப்பத்தேழு வீட்டில் செல் அரித்தது. சிலர் மையத்து வாசலில் தங்கள் கதவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, "யார் வீட்டுக் கதவோ, பாவம், நல்ல தேக்கு" என்றார்கள். பக்கத்து டீக்கடைக்காரர், வருகிறவர்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று பந்தல் போட்டார். ஒரு ஆடு இரண்டு தோரணத்தைத் தின்றது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நடக்கிற கதவைப் பார்த்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி ஓரமாக நின்று வழிவிட்டார்கள், சவ ஊர்வலத்துக்கு விடுகிற மாதிரி.

இந்த நிலையில்தான் நலச் சங்கம் கூடியது. ஆவுடையப்பன் எழுந்து, ஊரின் காற்றோட்டத்தை முன்னிட்டு எல்லா வீட்டுக் கதவுகளையும் கழற்றிச் சங்கக் கட்டிடத்தில் அடுக்கிவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். யார் வீட்டிலுமே கதவு இல்லையென்றால், ஸ்டேஷனில் நிற்பது யார் வீட்டுக் கதவு என்று எந்தக் கொம்பன் கண்டுபிடிப்பான்? கைதட்டல் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. அதைவிடச் சாமர்த்தியமான யோசனை அந்த ஊருக்கு அதற்கு முன் தோன்றியதில்லை. அதைவிடப் பெரிய முட்டாள்தனமும் தோன்றியதில்லை.

ஏனென்றால் கதவில்லாத ஊரில் எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது. சோற்றில் உப்பில்லை என்று ஒருவர் கையை ஓங்கினால், எதிர்வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த நாலு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓங்கின கை என்ன செய்யும், போய்த் தலையைச் சொறிந்தது. "என்ன மாமா, பேனா?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. ஆவணி பிறப்பதற்குள் அந்த ஊர் ஆண்கள் அவ்வளவு பேருக்கும் தலையில் பேன் என்று பெயராகிவிட்டது. தட்டுவதற்குக் கதவில்லாததால், ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் செருமிவிட்டு நிற்பது என்று ஒரு மரியாதை தானாக ஏற்பட்டது. சொந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களும், பழக்க தோஷத்தில், செருமிவிட்டு நின்றார்கள். திருடு போகவில்லை. தெருவுக்கு ஒரு டிவி போதுமானதாக இருந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள்தான் பாவம், மூன்று போர்வை தொங்கவிட்டும் நிம்மதியில்லை.

ஆவுடையப்பனுக்கு மட்டும் ஒரு கதவு தேவைப்பட்டது. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், மலையடிவாரத்துக் கோயிலில் வைத்துத் துரைப்பாண்டிக்கும் கனிக்கும் கல்யாணம் என்று வெளியே சொல்லாமல் முடிவாகியிருந்தது. அதுவரை பெண்ணைப் பூட்டிவைக்க வேண்டும். கடையிலிருந்து புதுக் கதவு போட்டார். அது பழைய கதவைத் தேடிப் போய்விட்டது. இரும்புக் கதவு போட்டார், போய்விட்டது. கடைசியில் ரோலிங் ஷட்டரை இறக்கினார். அது பாயைப் போலத் தன்னைச் சுருட்டிக்கொண்டு, பட்டப்பகலில், கடகடவென்று பெரிய தெரு முழுக்க உருண்டு போக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதில் மேல் ஏறிக் கைதட்டினார்கள். பிறகு கோமுவை அந்த அறை வாசலில், குறுக்கே காலை நீட்டி உட்காரவைத்தார். உள்ளே கனி, அட்டவணை கதவோடு போய்விட்டதால், அதை மனப்பாடமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம். கேட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்கே அது பாடமாகிவிட்டது. காய்கறிக்காரி கத்திரிக்காயை நிறுத்துப் போடும்போது "மெக்னீசியம், அலுமினியம்" என்று முணுமுணுத்தாள்.

இதற்கிடையில் பிரகாசி ஒரு தப்புச் செய்தாள். குளியலறைத் தகரக் கதவின் சொந்தக்காரர், மார்க் குறைந்த மகனை அதற்குள் போட்டுப் பூட்டுகிற மனிதர், பையனையும் இழுத்துக்கொண்டு வந்தார்; பழையபடி இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். அவளும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "சேர்ந்து போனார்கள்" என்று கையெழுத்துப் போட்டாள். மை காயவில்லை, தகரக் கதவு திரும்பி, டமடமவென்று வீட்டைப் பார்த்து நடந்தது. அதன்பின் திரும்பி வரவேயில்லை. மறுநாள் அந்தப் பையன் வளாகத்து வழியாகப் பள்ளிக்கூடம் போனான். பிரகாசி "தம்பி" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. இருட்டில் போகிறவன் மாதிரி சுவரைத் தடவிக்கொண்டே போனான்.

அவள் கையெழுத்துப் போட்டால் கதவு அடங்கிவிடும் என்பது இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. அன்றோடு அவள் பேனாவை மூடிவிட்டாள். யார் வந்தாலும், "இன்னைக்கு முடியாது" என்றாள். நலச் சங்கம் மனு கொடுத்தது; மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பொதுமக்களுக்கு இடையூறாக உள்ள கதவுகளை, உரிய சமரசக் கடிதம் பெற்று, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மையம் மூடப்படும்.

எஸ்.ஐ. தில்லைநாயகி உத்தரவை மேஜைமேல் வைத்தாள். "எழுதி வாங்கிட்டுக் குடுத்துருங்கக்கா. எத்தனை எழுதியிருக்கீங்க, இன்னும் நாப்பது எழுதினா கையா தேஞ்சிரும்?"

"தேஞ்சிருச்சு தில்லை. அதான் விஷயமே."

"வேலை போயிரும்."

"போகட்டுமே. வீட்ல உட்கார்ந்து சீரியல் பார்த்துத் திட்டுவேன். இங்கே மட்டும் வேற என்ன செஞ்சிட்டேன்?"

வியாழக்கிழமை மத்தியானம் சண்முகக்கனியின் ஃபைலை எடுத்தாள். "ஏதுமில்லை" என்ற தன் கையெழுத்தைப் பார்த்தாள். அழகாக இருந்தது, சிஸ்டர்கள் பார்த்தால் பாராட்டுவார்கள். அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நேராக இரும்புக்கடைக்குப் போனாள்.

"ஒரு தாழ்ப்பாள் குடுங்க."

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்த ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வியாபாரி வியாபாரிதான். "டவர் போல்ட்டா, அல்ட்ராப்பா மேடம்?"

"எது உடைக்க முடியாதது?"

"அப்ப பித்தளை டவர் போல்ட், எட்டு இஞ்ச். வெளிப்பக்கத்துக்கா, உள்பக்கத்துக்கா?"

"உள்பக்கத்துக்கு."

"அப்ப இதத்தான் எடுக்கணும்." கல்லாப் பக்கத்துப் பலகையில் வைத்துத் தாழைப் போட்டும் எடுத்தும் காட்டினார். "பாத்தீங்களா, வெண்ணெ மாதிரி போவுது. உள்ள போட்டாச்சுன்னா யானை வந்து முட்டினாலும் திறக்காது. நான் கேரண்டி." ஸ்குரூவையும் எண்ணி, காகிதத்தில் பொதிந்து கொடுத்தார்.

சாயங்காலமே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். பதினேழு வருஷத்தில் அவள் அந்த நம்பரைச் சுழற்றியது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அதிகாரிகள் வண்டியோடு வந்துவிடுவார்கள் என்றார்கள். கல்யாணம் ஒன்பதுக்கு என்பது, கதவில்லாத ஊரில், அவள் காதுக்கும் வந்திருந்தது. நடுவில் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு கதவு வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு, ஆவுடையப்பன் காரைக் கொண்டுவரப் போயிருந்த நேரத்தில், பிரகாசி அந்த வீட்டு வாசலில் நின்று செருமினாள். உள்ளே நடந்து, அறை வாசலில் நின்று மறுபடியும் செருமினாள். கோமு குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தரையில் தட்டு நிறைய மல்லிகைப்பூவும், பிரிக்காத பட்டுச்சேலையும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கனி திரும்பவில்லை.

"எதுக்கு வந்திய?" என்றாள் கனி. "இன்னொண்ணு எழுதி வாங்கவா? பேப்பர் கொண்டாந்தியளா, நான் தரணுமா?"

"எழுதினதைத் திருப்பிக் குடுக்க வந்தேன்." பிரகாசி மன்னிப்புக் கடிதத்தை நீட்டினாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர் கேட்டேன். அதுக்குக்கூடச் சிரிச்சிய."

"ஆமா, சிரிச்சேன்." பிரகாசி கைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பித்தளை பளபளத்தது. "உங்க அப்பா கடையில வாங்கினது. யானை முட்டினாலும் திறக்காதாம். அவரே சொன்னார்."

கனி முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

பிரகாசி கோமுவின் நீட்டிய கால்களுக்கு முன்னால் நின்றாள். தாண்டியிருக்கலாம், தாண்டவில்லை. "கோமு, உன்னை நான் எதையும் எழுதச் சொல்லப் போறதில்லை. உன் பொண்ணுகிட்ட அனுசரிச்சுப் போன்னு ஒரு தடவை சொன்னேன், என் வாய் அழுகட்டும். இப்ப ஒண்ணும் சொல்லலை. நிக்கிறேன், அவ்வளவுதான்."

கோமு மல்லிகைப்பூத் தட்டை ஒதுக்கிவைத்தாள். பிறகு தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இவ சத்தம்போட்டுப் படிக்கையில நானும் கூடவே மனசுக்குள்ள சொல்லுவேன் மேடம். பதினெட்டாவதுல நிப்பேன். ஆர்கான். அதுக்கு மேல இவ சொல்லத்தான் மாட்டேங்கா."

"பொட்டாசியம்மா," என்றாள் கனி. "ஆர்கானுக்கு அடுத்தது பொட்டாசியம்."

"பொட்டாசியம்," என்றாள் கோமு. காலை மடக்கிக்கொண்டாள்.

கனி அந்த வாசல் நிலையைத் தாண்டினாள். செருப்பைத் தேடாமல், பட்டுச்சேலையைத் தொடாமல், பழைய யூனிஃபார்ம் பாவாடையோடு, காலை எட்டு மணி வெயிலில், பெரிய தெருவின் நட்டநடுவே நடந்தாள். இரண்டடி தள்ளி பிரகாசி குடையோடு. கதவில்லாத தெருவில் பார்க்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. வலதுகைப் பக்கத்து முதல் வீட்டில் ஒரு பெண் அரிவாள்மனையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து செருமினாள். அடுத்த வீட்டில் ஒருத்தி. எதிர்வீட்டில் இரண்டு பேர். அப்படியே வீடு வீடாக, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்களும் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர்களும் வாசலுக்கு வந்து நின்று செரும, தெரு முழுக்க அந்தச் சத்தம் அவளுக்கு முன்னால் போய் ரயில்வே கேட்டில் சொல்லிவைத்தது போல, கேட் திறந்தே கிடந்தது.

மையத்தில் கதவுகள் சாய்ந்து நிற்கவில்லை. நிமிர்ந்து, ஒன்றோடொன்று தோள் சேர்த்து, கரிந்த அடுப்படிக் கதவும் தேக்கும் ஸ்டிக்கர் ஒட்டினதுமாக மூன்று பக்கம் சுவராக நின்றன. ஷட்டர் தன்னை விரித்துக் கூரையாகியிருந்தது. நாலாவது பக்கத்தில் பச்சைக் கதவு திறந்து காத்திருந்தது. சுப்பக்கா ஏற்கெனவே உள்ளே ஒரு பாயை விரித்து, ஒரு செம்பு தண்ணீர் வைத்திருந்தாள்.

"ஸ்குரூ டிரைவர் இருக்கா?" என்றாள் பிரகாசி.

"இதெல்லாம் எவன் வந்து மாட்டுவான்னு நான் காத்துக் கெடக்கதா?" என்று இடுப்பிலிருந்து உருவினாள் சுப்பக்கா. தனிம அட்டவணைக்குப் பக்கத்தில், கனியின் தோள் உயரத்துக்குத் தாழ்ப்பாள் ஏறியது. கதவின் ஒரு மூலை தரையில் பதியாமல் லேசாக ஆடிற்று. கனி தன் மன்னிப்புக் கடிதத்தை நாலாக, எட்டாக மடித்து அந்த மூலைக்கு அடியில் சொருகினாள். ஆட்டம் நின்றது. உள்ளே போனாள். தாழ் வெண்ணெய் மாதிரிதான் போனது. வெளியே நின்ற பிரகாசிக்கு 'க்ளக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் எத்தனையோ நாளைக்கு அப்புறம் காலை நீட்டிப் படுக்கிற சத்தம்.

ஒன்பதே காலுக்குக் கார் வந்தது. பட்டுவேட்டியோடு துரைப்பாண்டி இறங்கவில்லை; கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். ஆவுடையப்பன் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஊரே வந்து டீக்கடைப் பந்தலில் நின்றது.

எஸ்.ஐ. தில்லைநாயகி வெளியே வந்து பிரகாசியிடம் காகிதத்தை நீட்டினாள். "அக்கா, உத்தரவைக் காட்டணும். காட்டிட்டேன். பொண்ணுக்கு வயசு பதினாறுன்னு ஃபைல்ல நீங்க எழுதியிருக்கீங்க. அதையும் பாத்துட்டேன்." அப்படியே போய்க் கார் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "டிரைவர், வண்டியை ஆஃப் பண்ணுங்க. புகை வருது."

"மேடம், கையெழுத்தைப் போடுங்க. கதவை எடுத்துட்டுப் போயிருதேன்," என்றார் ஆவுடையப்பன். கும்பிட்ட கை அப்படியே இருந்தது; குரலில்தான் கும்பிடு இல்லை.

"எடுங்களேன். கை வச்சு எடுங்க."

அவர் போய்ப் பச்சைக் கதவைத் தள்ளினார். தோளைக் கொடுத்து முட்டினார். துரைப்பாண்டியின் டிரைவரும் வந்து முட்டினான். பித்தளை அசையவில்லை.

"அண்ணாச்சி," என்றது பந்தலிலிருந்து ஒரு பெண் குரல், "கேரண்டி உண்டா அதுக்கு?" சிரிப்பு கிளம்பி, வளாகத்தைச் சுற்றி வந்து, அடங்க நேரம் பிடித்தது. அந்தப் பெண்ணே இரண்டு நாள் கழித்து அவர் கடைக்குப் போய் உள்பக்கத்துக்கு ஒன்று என்று கேட்கப் போகிறாள், அவளுக்குப் பின்னால் முப்பது பேர் நிற்கப் போகிறார்கள், அவரும் வியாபாரியாதலால் எடுத்துப் போடத்தான் போகிறார், அது பிறகு. இப்போது ஆவுடையப்பன் வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். முட்டிப் பயனில்லை என்றால் செய்வதற்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான். அந்தக் கதவுக்கு முன்னால் அதை அவர் ஒருநாளும் செய்ததில்லை. விரலை மடக்கி, கதவைத் தட்டினார்.

உள்ளேயிருந்து, தூக்கம் கலைந்த குரலில், கனி கேட்டாள்: "யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா, யாரு?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். செயலாளர் என்று சொல்லலாம். கடைக்காரர் என்று சொல்லலாம். இன்னொரு சொல்லும் இருந்தது, ஆனால் காரில் ஒருவனைப் பட்டுவேட்டியோடு உட்காரவைத்துவிட்டு, இத்தனை பேர் கேட்க, அதைச் சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை. திரும்பிப் பிரகாசியைப் பார்த்தார்.

பிரகாசி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில், கனியுடையது போக மிச்சமிருந்த நானூற்றுப் பதினொரு ஃபைல்களில் முதலாவது; ஜன்னல் வழியாகச் சுவர்க்கடிகாரம் தெரிந்தது; அவள் அதைப் பார்க்கவில்லை.

"அவசரமில்லை," என்றாள். "யோசிச்சுச் சொல்லுங்க."

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. பன்னிரண்டுக்கு ரயில்வே கேட்டில் ஒரு ஜீப் ஹாரன் அடித்தபோதும் ஆவுடையப்பன் கதவுக்கு முன்னாலேயே, தட்டின விரல் மடங்கினபடி, நின்றுகொண்டிருந்தார்.